துண்டும் சம்பளச் சீட்டும்

கூலியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு தொடங்குவர்: எவ்வளவு? நாளொன்றுக்கு எத்தனை சதம், மாதமொன்றுக்கு எத்தனை ரூபா என்பதே அவர்கள் தேடும் செய்தி. அது வேண்டாத கேள்வியன்று. ஆயினும் நமது மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டும்போது, அதற்கு முற்பட்ட மூன்று கேள்விகள் எழுகின்றன. கூலி எப்போது கொடுக்கப்பட்டது? யார் கையிலே கொடுக்கப்பட்டது? கொடுக்குமுன் அதிலிருந்து என்னென்ன கழிக்கப்பட்டன? ஐம்பது சதம் என்று ஏட்டில் எழுதி, அதனைப் பல மாதங் கழித்து வேறொருவர் கையிலே கொடுத்தால், அஃது உழைத்தவனுக்கு ஐம்பது சதம் ஆகுமா? எவ்வளவு என்ற கேள்விக்குப் பொருள் உண்டாவதே இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழிலே கூலி என்பது உழைப்புக்குரிய விலை. துரைமார் பேச்சிலே அஃது உழைப்பவனுக்கே பெயராயிற்று. விலையைக் கொண்டே மனிதனை அழைக்கத் தலைப்பட்டோர், அந்த விலையை அவன் கையிலே கொடுப்பதில் அத்துணை விரைவு காட்டவில்லை.

கம்பளைப் பகுதியில் 1820களிலே தோன்றிய கோப்பித் தோட்டங்கள், 1840களில் கண்டிச் சீமையின் மலைச் சரிவுகளெங்கும் பரவின. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்குங் காலத்தில் வந்து, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவதே அன்றைய வழக்கம். ஆதலால் கூலியை மாதந்தோறும் கொடாமல், புறப்படும் வேளையிலே மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும் முறை வேரூன்றிற்று. இடையிலே அரிசியும் சிறிது கைச்செலவுக் காசும் மட்டுமே கிடைத்தன. மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு இது சேமிப்புப் போலத் தோன்றும். உண்மையிலோ, கூலி தோட்டத்துரையிடம் தங்கியிருக்கும் வரையில் தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போகமாட்டான் என்பதே அதன் உட்பொருள். தரவேண்டிய பணத்தைத் தராமல் வைத்திருப்பது, ஆளைக் கட்டி வைப்பதற்குச் சங்கிலியினும் மலிவான வழி.

சட்டம் இதற்கு எத்தகைய துணையாயிருந்தது என்பதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலே காணலாம். அச்சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளி மாதத்துக்கு மாதம் ஒப்பந்தம் செய்துகொண்டவன். மற்றக் குடியேற்ற நாடுகளில் இருந்ததுபோல ஐந்தாண்டு அடிமைச் சீட்டு இங்கே இல்லையென்று அக்காலத்து அதிகாரிகள் பெருமையோடு எடுத்துக் காட்டினர். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் எவனும் விலகிச் செல்லலாம். அறிவித்தலின்றிச் சென்றாலோ வேலை செய்ய மறுத்தாலோ மூன்று மாதம் வரை சிறை. கொடுக்கல் வாங்கலிலே ஒரு தரப்பார் சொல் தவறினால் குடியியல் வழக்கு, மறு தரப்பார் தவறினால் சிறைச்சாலை என்பது எவ்வகை நீதி என்று நாம் இன்று கேட்கிறோம். பிரித்தானியாவிலே இத்தகைய சட்டம் 1875இல் நீக்கப்பட்டது. அதே அரசின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையிலே இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு முடியும் வரை அது நின்று நிலவியது.

1869இல் கோப்பி இலைகளிலே ஒருவகை நோய் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது தோட்டங்களை அழித்துவிட்டது. 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் கடனாளிகளாகித் தோட்டங்களைக் கைவிட்டனர். ஈட்டுக்காரர் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டனர். அப்படியானால் மாதக்கணக்கில் உழைத்துவிட்டுக் கூலி பெறாதிருந்தவன் யாரிடம் போய் நிற்பது? இந்நெருக்கடியின் பயனாக 1884ஆம் ஆண்டிலும் 1889ஆம் ஆண்டிலும் சட்டங்கள் பிறந்தன. தொழிலாளியின் கூலி தோட்டத்தின் மீது முதற் பாத்தியதையுடையது, ஈட்டுக்காரருக்கும் முந்தியது என்ற கொள்கை அவற்றிலே இடம்பெற்றது. மாதச் சம்பளம் அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுக்கப்படவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அறுபது நாள்! இன்று சம்பளம் ஐந்து நாள் பிந்தினால் நம் வீடுகளிலே எழும் கலக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஆயினும் அதனை இகழ்ந்துவிட முடியாது. கூலிக்கு ஒரு தவணை உண்டென்பதை இத்தீவின் சட்டம் ஏற்றுக்கொண்ட காலம் அது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் அதைப் பயிரிட்டிருந்தார். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி. ஆதலால் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களிலே நிலைத்துவிட்டன. இங்கேதான் கங்காணியின் கணக்கு முழு உருவம் பெறுகிறது.

கங்காணி தோட்டத்திலே முற்பணம் வாங்கிக்கொண்டு தமிழகத்துக் கிராமத்துக்குப் போவார். ஊரிலுள்ள கடனை அடைப்பதற்கும் வழிச் செலவுக்கும் உணவுக்கும் துணிக்கும் அதிலிருந்து செலவிடுவார். செலவிட்ட தொகை, சில வேளைகளில் செலவிடாத தொகையும், தொழிலாளியின் பேரிலே எழுதப்படும். தொழிலாளிக்குப் படிப்பில்லை. ஏடு கங்காணியிடம். கூலியும் பல தோட்டங்களிலே கங்காணி மூலமாகவே வந்தது. தம் கீழுள்ள ஆட்களில் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குச் சில சதம் தனியே கிடைத்தது. பென்ஸ் காசு என்று தோட்டத்தார் அதை வழங்கினர். கங்காணிமார் யாவரும் கொடியவர் என்று கூறுதல் நேர்மையன்று. உற்றார் உறவினரைக் கூட்டி வந்து, நோயிலும் சாவிலும் துணைநின்ற கங்காணிமாரும் இருந்தனர். ஆனால் ஆளையும் கடனையும் கூலியையும் ஒருவர் கையிலேயே ஒப்படைக்கும் முறை, நல்லவரையும் நெடுநாள் நல்லவராக விட்டுவைப்பதில்லை.

ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கங்காணி தம் ஆட்களோடு மாற விரும்பினால், முதற் தோட்டத்துத் துரை ஒரு சிறு காகிதம் எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. இத்தனை ஆட்கள், இவர்கள் மீதுள்ள கடன் இத்தனை ரூபா, இத்தொகையைச் செலுத்துவோருக்கு இவர்களை விட்டுத்தர இணங்குகிறேன் என்பதே அதன் சாரம். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் தட்டுப்பாடு மிகுந்த காலங்களில் துண்டின் தொகை ஏறிற்று. கங்காணிமார் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாகப் பேரம் பேசினர். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்தது. அந்தக் கடனைச் சுமந்தவர்களோ தோளிலே கூடையையும் கையிலே மண்வெட்டியையும் உடையவர்கள்.

சட்டத்திலே ஒரு மாத அறிவித்தல் கொடுத்து விலகலாம் என்றிருந்ததே, அதன் கதி என்ன? அறிவித்தல் கொடுத்து வெளியே வந்தவனைத் துண்டு இல்லாமல் வேறெந்தத் தோட்டமும் ஏற்பதில்லை. உரிமை சட்டப் புத்தகத்திலே இருந்தது. அதை முடக்கும் வல்லமை ஒரு சாண் காகிதத்திலே இருந்தது. அந்தக் காகிதத்திலே கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் என்ன உழைத்தான், என்ன பெற்றான், இன்னும் என்ன பெறவேண்டும் என்பவை அதிலே எழுதப்படவில்லை. பட்ட கடன் ஒன்றே எழுதப்பட்டது.

இந்நிலைக்கு எதிராக எழுந்த குரல்களிலே சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் குரல் தலையாயது. அவர் 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் பெரி சுந்தரம் அவர்களைச் செயலாளராகக் கொண்டு தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் நிறுவினார். வேலையை விட்டுப் போனதற்காகப் பெண்களையும் பிள்ளைகளையும் சிறைக்கனுப்பும் சட்டத்தை அவர் இடைவிடாது சாடினார். அதே காலத்தில் இந்திய அரசாங்கமும் தன் மக்களை அயல்நாட்டுக்கு அனுப்புவதற்குக் கட்டுப்பாடு விதிக்க முற்பட்டது. தொழிலாளர் வரவு தடைப்படுமோ என்ற அச்சம் தோட்டத்துரைமாரைப் பிடித்துக்கொண்டது. அறநெறியும் அச்சமும் ஒருங்கே வேலை செய்தன என்க. எது முந்தியது என்று நிறுத்துப் பார்ப்பது வரலாற்று மாணவனுக்குரிய நல்ல பயிற்சி. எனக்கு அச்சமே சற்றுக் கனத்ததாகத் தோன்றுகிறது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சிறைத் தண்டனையும் அதையொட்டி மறைந்தது.

இனித்தான் எவ்வளவு என்ற கேள்வி சட்டத்துக்குள் நுழைகிறது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் பின்னர், இரு அரசாங்கங்களுக்கும் இடையே நீண்ட பேச்சு நடந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்படுத்திற்று. 1929ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விகிதம் இது: உயர்ந்த மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம், இடைப் பகுதியில் 52, 41, 31, தாழ்ந்த பகுதியில் 50, 40, 30. பொருளியலார் இந்த அட்டவணையில் முதலாவது எண்ணைப் பார்ப்பர். பள்ளிக்கூடத்திலே காலங் கழிப்பவனுக்கோ மூன்றாவது எண்ணே முதலிற் கண்ணிற் படுகிறது. பிள்ளையின் ஒரு நாளுக்குச் சட்டமே விலை குறித்துக் கொடுத்திருக்கிறது.

விகிதம் ஏட்டில் ஏறியதனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையிலே பிரட்டுக்களத்தில் நின்று, செக்ரோலிலே பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் கூலிக்குரிய நாளாகும். குறித்த அளவு கொழுந்து பறிக்கவில்லை என்றால் 'அரைப் பேர்'. பிந்தி வந்தவர்க்குப் பேரே இல்லை. ஆகவே சம்பளத்தைக் குறைக்க விரும்பும் நிருவாகம் சம்பள விகிதத்தைத் தொடவேண்டியதில்லை. கொழுந்தின் அளவைச் சற்று உயர்த்தினால் போதும். கணக்கப்பிள்ளையின் பென்சில் முனையிலே சட்டம் வளைந்து கொடுத்தது. இதற்கு மேலாக, அரிசியும் தோட்டத்திலிருந்தே கொடுக்கப்பட்டு அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டமையால், அரிசி விலையும் சம்பள விகிதமும் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே பேசப்பட்டன.

1930களின் தொடக்கத்திலே உலகெங்கும் வணிகம் சரிந்தது. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குறைந்தபட்சம் என்று விதிக்கப்பட்ட சம்பளம் மீண்டும் மீண்டும் குறைக்கப்பட்டது. குறைந்தபட்சத்துக்கும் கீழே ஒரு குறைந்தபட்சம் உண்டென்று தொழிலாளர் அறிந்துகொண்டனர். அந்நாட்களில் அவர்கள் பக்கம் நின்று வாதாடியவர் கோ. நடேசையர். அவர் துணி வியாபாரியைப் போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து உண்மை நிலையை அறிந்தவர். 1931இல் அவர் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை, எழுத்தறியாத மக்களும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் பாட்டுக்கள் இயற்றி, கூட்டங்களிலே பாடினார். சட்டப் பிரிவுகள் லயத்து வாசலுக்குப் பாட்டாகவே போய்ச் சேர்ந்தன.

சங்கம் வைப்பதும் சம்பளம் உயர்த்திக் கேட்பதும் எளிதாயிருக்கவில்லை. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதனை விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அரசாங்க சபையிலே பெரும் விவாதம் மூண்டது. மலைநாட்டிலே சம்பளப் போராட்டத்தில் உயிர் நீத்தோரை எண்ணும்போது கோவிந்தனின் பெயரையே இன்றும் முதலிற் சொல்கின்றனர்.

அதற்கடுத்த ஆண்டில் வந்தது சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம். இதன் முதற் பகுதியை நேயர்கள் ஒருமுறை கவனித்துக் கேட்கவேண்டும். முன்னர் நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அதிலே விடை இருக்கிறது. சம்பளம் நாட்டிலே செலாவணியான பணமாகவே கொடுக்கப்படல் வேண்டும். அரிசியாகவோ, கடைச் சீட்டாகவோ, வாக்குறுதியாகவோ அன்று. அது தொழிலாளியிடம் நேரே கொடுக்கப்படல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதுவும் கழிக்கலாகாது. சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது. அக்காலம் ஒரு வாரமாயின் மூன்று நாட்களுக்குள்ளும், இரு வாரமாயின் ஐந்து நாட்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்டதாயின் பத்து நாட்களுக்குள்ளும் சம்பளம் கையிற் சேரவேண்டும். அறுபது நாள் பத்து நாளாவதற்கு ஐம்பதாண்டுக்கு மேல் பிடித்தது.

இன்னுமொன்று. இச்சட்டம் இந்தியத் தொழிலாளர் என்று பிரித்துப் பேசவில்லை. தேயிலை, இறப்பர், தென்னை, அச்சகம், இயந்திரத் தொழில் எனத் தொழில்வாரியாகச் சபைகள் அமைந்தன. ஒவ்வொரு சபையிலும் தொழில் கொள்வோரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர்ந்தனர். அரசாங்கம் நியமித்தோரும் உடனிருந்தனர். சபை குறித்த சம்பளத்துக்குக் குறைவாகப் பெற இணங்குகிறேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அவ்விணக்கம் செல்லாது. வறுமையிலே ஒருவன் எதற்கும் கையெழுத்திடுவான் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். சம்பளப் பதிவேடு வைத்திருப்பதும், தொழில் அதிகாரி கேட்கும்போது அதனைக் காட்டுவதும் முதலாளியின் கடமையாயின. கடன் ஏடு கங்காணியிடமிருந்த காலம் போய், சம்பள ஏட்டைப் பார்க்க அரசாங்க உத்தியோகத்தர் வரும் காலம் வந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்துக்கொண்டன. சம்பளச் சபைச் சட்டம் அவர்களைக் காத்து நின்றதாயினும், வாக்கில்லாதவன் கேட்கும் சம்பள உயர்வுக்குச் சட்டசபையிலே செவி சாய்ப்போர் அரிதாயினர். பின்வந்த பல பத்தாண்டுகளிலே நாட்டின் மற்றத் தொழிலாளருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் இடையே வருவாயில் ஏற்பட்ட இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

நகரங்களைப் பொறுத்தவரை, 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் எழுதுவினைஞருக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் இத்தகைய காப்பை அளித்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை ஏற்படுத்திற்று. இன்று அந்நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோர் நூற்றுக்கு 12 வீதமும் செலுத்தவேண்டும். தொழில் கொள்வோர் தம் பங்கை ஊழியர் சம்பளத்திலிருந்து கழித்தல் குற்றம். இதனை அறியாதோர் படித்தவர்களிலும் உளர்.

தோட்டங்களிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட் சம்பளம் என்பது 1984இலேதான் நிறைவேறிற்று. 54 சதத்துக்கும் 43 சதத்துக்கும் இடையே 1929இல் கிழிக்கப்பட்ட கோடு அழிவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அத்தனை ஆண்டும் கொழுந்தின் பெரும்பகுதியைப் பறித்தவை பெண்களின் விரல்களே.

1990களிலிருந்து தோட்டச் சம்பளம் கூட்டு ஒப்பந்தங்களாலே தீர்மானிக்கப்பட்டு வந்தது. அவ்வொப்பந்த முறை தளர்ந்தபோது, 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே மீண்டும் சம்பளச் சபையின் வழியாகவே நாளொன்றுக்கு 1000 ரூபா விதிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை நாட் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. இரு தடவையும் தொகையைப் பற்றிய வாதம் ஓய்ந்ததும் பழைய வாதம் ஒன்று தலைதூக்கிற்று: ஒரு நாட் சம்பளத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து? குறைந்தால் அரைப் பேரா?

இக்காலத்துத் தொழிலாளியின் கையிலே மாதந்தோறும் வந்து சேரும் காகிதம் சம்பளச் சீட்டு. தோட்டப் பகுதிப் பாடசாலைகளிலே பணியாற்றிய ஆசிரியர் எவரும் அதனை நன்கறிவர். சம்பள நாளுக்கு அடுத்த நாள், பிள்ளையைப் பள்ளியில் விட வரும் தாயார் சிலர், முந்தானையிலே முடிந்து வைத்த சீட்டை அவிழ்த்து, "சேர், இதில என்னென்ன பிடிச்சிருக்காங்கன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பதுண்டு. வேலை செய்த நாட்கள், மேலதிகக் கொழுந்து, சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம், தேயிலைத் தூள், கோயில் வரி என்று குறுக்கெழுத்துக்களிலே நிரல்கள் ஓடும். கூட்டியும் கழித்தும் பார்த்தால் சில வேளைகளிலே இரண்டு நாள் பேர் விழாதிருக்கும். தாயார் தம் விரல்களை மடக்கி எண்ணிப் பார்ப்பார். எந்தக் கிழமை எந்த மலையிலே கொழுந்து பறித்தார் என்பது அவருக்கு நினைவிருக்கும். அந்த இரண்டு நாட்களையும் தோட்ட அலுவலகத்திலே கேட்பதற்கும், அங்கே பதில் கிடைக்காவிடின் சங்கத் தலைவர் மூலமாகவோ தாமாகவோ மாவட்டத் தொழில் அலுவலகத்திலே முறையிடுவதற்கும் அவருக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டோடு கொண்டுசெல்ல வேண்டியது அந்தச் சீட்டு. ஆகவே அதனை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறோம். பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளுக்குள்ளே இப்போது அச்சீட்டுக்களைக் காண முடிகிறது.